இறங்கச் சொல்லும்வரை

எங்கள் எதிர்வீட்டு வேலிப்படலுக்கு வெளியே, சாயங்காலமானால் ஒருவர் வந்து நிற்பார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். உள்ளே அடுப்பு புகையும். எருமை கத்தும். பள்ளிக்கூடம் போகிற பெண் ஒன்று சத்தம் போட்டுப் பாடம் படிக்கும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் மாந்தோப்பில் இருந்த சாளைக்குத் திரும்பிப் போவார். அந்தக் குடிசையில்தான் அவர் பொங்கித் தின்று படுப்பது. இதில் விசேஷம் என்னவென்றால், அந்த எதிர்வீடு அவருடையது. அடுப்பு ஊதிக்கொண்டிருந்தது அவர் மனைவி. பாடம் படித்தது அவர் பெண்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி முதலமடைக்குக் கிழக்கே இருக்கிற இந்த ஊருக்கு வந்தது எமர்ஜென்சி சமயத்தில். கேரளாவில் கொடுக்கிறார்கள், மலையாளம் தெரியாமல் என்ன செய்யப் போகிறாளோ என்று எங்கள் வீட்டில் கவலைப்பட்டார்கள். வந்து பார்த்தால் பால் ஊற்றுகிறவர் முதல் பஞ்சாயத்து மெம்பர் வரைக்கும் எங்கள் ஊர்ப் பேச்சுதான். ரேஷன் கார்டும் பஸ் போர்டும் மட்டும் மலையாளம். என் மாமனார் வைத்த மாந்தோப்பை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோப்புக்குக் காவலும் மேல்வேலையும் படலுக்கு வெளியே வந்து நிற்கிற அவர்தான். அதனால் தினமும் எங்கள் வீட்டுப் புறக்கடைக்கு வருவார், மோர் வாங்கிக் குடிப்பார், கேட்டால் பேசுவார். கேட்காமல் ஒரு வார்த்தை வராது.

ஊரில் அவரைக் கப்பக்காரர் என்பார்கள். அவருக்கு அது பிடிக்காது. "கப்பல் இல்லீங் அம்மிணி, பாய்ப்படகு. கப்பல்ல இருந்தது கொஞ்ச நாளுதானுங்" என்று திருத்துவார். எங்கள் ஊரில் நின்று பார்த்தால் தெற்கே நெல்லியாம்பதி மலை, மற்ற பக்கமெல்லாம் கடலைக்காடு. கடல் என்பது கொட்டாயில் சினிமா போட்டால் பார்ப்பது. அதில் கப்பல் என்ன, படகு என்ன? நானும் முதலில் அவரைக் கப்பக்காரர் என்றுதான் என் தங்கையிடம் சொல்லிச் சிரித்தேன்.

அவர் போன கதை எல்லாருக்கும் தெரியும். ஒரு மாங்காய் சீசனில் லாரியோடு கொச்சிக்குப் போனார். லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அக்கா கையில் அப்போது கைக்குழந்தை. எதிர்வீட்டம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். துறைமுகத்தில் யாரோ கப்பலுக்குச் சமையல் ஆள் வேண்டும் என்றார்களாம், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஏறினாராம். அந்தக் கப்பல் உலகத்துக்கு அந்தப் பக்கம், திரினிடாட் என்கிற தீவில் பழுதாகி நின்றது. ஆட்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். இவர் மட்டும் கரையில் நின்றார். அங்கே ஒரு டச்சுக்காரரும் அவர் மனைவியும் இரண்டு பாய்மரம் வைத்த படகு ஒன்றை வைத்திருந்தார்கள். டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகக் கூட்டிப்போய்க் காட்டுவது அவர்கள் பிழைப்பு. அதில் இவர் வேலைக்குச் சேர்ந்தார். சமைப்பது, பாய் ஏற்றுவது, நங்கூரம் இழுப்பது, தளம் கழுவுவது, முறை வந்தால் சுக்கான் பிடிப்பது. விட்டுவிட்டுப் போன குழந்தை வளர்ந்து ஆறாவது படிக்கும்வரை அதுதான் அவர் வாழ்க்கை. டச்சுக்காரர் வயதாகிப் படகை விற்ற பிறகுதான் இவருக்கு ஊர் நினைவு வந்ததாக ஊர் பேசிக்கொண்டது. முன்னாலேயே வந்திருக்கலாம், வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மோர்ச் சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு நான் கடலைப் பற்றிக் கேட்பேன்.

"தீவுங்க எல்லாம் ஒரே வரிசைங் அம்மிணி. ஒண்ணு மேல நின்னாப் போதும், அடுத்தது கண்ணுக்குத் தெரியும். காலைல பாய ஏத்துனா பொழுதெறங்கறதுக்குள்ள அங்க போயிரலாம். காத்து எப்பவும் கெழக்கே இருந்துதானுங். நம்ம பக்கம் மார்கழியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்குமில்லீங், அதே வருசம் பூரா அடிச்சா எப்படியிருக்கும், அப்படி."

தீவில் உயரமான மலை இருந்தால் அதன் மறைவில் காற்று நின்றுபோகுமாம். பாய் ஈரத்துணி மாதிரித் தொங்குமாம். டூரிஸ்டுகள் அப்போதுதான் சந்தோஷமாகச் சாப்பிட உட்காருவார்கள். மலை முடிந்து இரண்டு தீவுக்கு நடுவிலே வந்ததும் காற்று ஒரே அறையாக அறையும், தட்டோடு எல்லாம் சரியும், தின்றதை வெளியே எடுப்பார்கள். அதைக் கழுவுவதும் இவர் வேலை. இறக்கை முளைத்த மீன்கள் பறந்து வந்து தளத்தில் விழுந்து கிடக்கும், விடிந்ததும் பொறுக்கி வறுப்பார். எல்லாத் தீவிலும் மாமரம் உண்டு. பழம் கேட்பாரில்லாமல் விழுந்து கிடக்கும் என்று சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு வியாபாரியின் வருத்தம் தெரியும்.

"எத்தன தீவுங்ணா பாத்தீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாத்தது நெறையங். எறங்குனது கம்மி."

அதற்குப் பிறகுதான் அந்தக் கொடி விஷயம் வந்தது. அங்கே ஒவ்வொரு தீவும் ஒரு நாடு மாதிரி. ஒன்று இங்கிலீஷ்காரனுடையது, அடுத்தது பிரெஞ்சுக்காரனுடையது. துறைக்குள் நுழைந்து நங்கூரம் போட்டதும் முதல் வேலை, மரத்தில் ஒரு மஞ்சள் கொடி ஏற்றுவது. நாங்கள் வெளியூர், எங்கள் படகில் நோய்நொடி இல்லை, உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறோம் என்று அதற்கு அர்த்தமாம். டச்சுக்காரர் மட்டும் சின்னத் தோணியில் காகிதங்களோடு கரைக்குப் போவார். மற்றவர்கள் மண்ணில் கால் வைக்கக் கூடாது. அதிகாரி சாப்பிடப் போயிருப்பார், தூங்கப் போயிருப்பார், அன்றைக்கு லீவாக இருக்கும். அதுவரைக்கும் கரையில் மீன் விற்கிறதையும், பிள்ளைகள் பந்தாடுகிறதையும் பார்த்துக்கொண்டு படகிலேயே இருக்க வேண்டும். உத்தரவு வந்ததும் மஞ்சளை இறக்கிவிட்டு அந்த ஊர்க் கொடியை ஏற்றுவார்கள். பிறகுதான் இறங்கலாம்.

"நம்ம பக்கம் மஞ்சக் கடுதாசி குடுத்தா ஆளு திவாலுன்னு அர்த்தமுங்ணா" என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

சேர்ந்த புதிதில் அவர் அந்தச் சட்டத்தை மீறியிருக்கிறார். ஒரு சின்னத் தீவு. படகு கரைக்கு மிக அருகில் நின்றது. கரையிலிருந்து ஒரு கிழவர் வாழைக்குலையைத் தூக்கிக் காட்டிக் கையசைத்தார். இவர் குதித்து நீந்திப் போய்விட்டார். குலையைத் தோளில் வைப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது. ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள், படகையும் பிடித்து நிறுத்திவிட்டார்கள். டூரிஸ்டுகள் சண்டை போட்டுக்கொண்டு வேறு படகில் போய்விட்டார்கள். டச்சுக்காரர் கெஞ்சிக் கூத்தாடி இவரை வெளியே எடுத்தார், வேலையை விட்டு நிறுத்தவுமில்லை. ஒன்று மட்டும் சொன்னாராம்: கரையில் இருக்கிறவன் இறங்கு என்று சொல்லும்வரை எந்த மண்ணும் உன்னுடையதில்லை. அன்றைக்கு அவர் மண்டையில் ஏறியது பிறகு இறங்கவேயில்லை.

பஸ் வந்து நின்றால் எல்லாரும் முண்டியடித்து ஏறுவார்கள். இவர் படிக்குக் கீழே நின்று கண்டக்டர் முகத்தைப் பார்ப்பார். கண்டக்டர் விசில் ஊதிவிடுவார், பஸ் போய்விடும். இவர் கொல்லங்கோட்டுக்கு நடந்தே போய்விட்டு வருவார். அந்த ரூட்டுக் கண்டக்டர்கள் பிறகு பழகிக்கொண்டு, "கப்பக்காரரே, ஏறுங்க" என்று தனியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். டீக்கடையில் பெஞ்சு காலியாக இருக்கும், கடைக்காரர் உட்காரச் சொல்லாவிட்டால் நின்றுகொண்டே குடிப்பார். கோயிலில் பூசாரி கையைக் காட்டவேண்டும். சாமிக்கு முன்னால் எல்லாரும் ஒன்றுதானே என்று என் மாமியார் கேட்டார். "சாமிக்குச் செரீங். பூசாரிக்கு?" என்றார் அவர்.

ஒரு நாள் எங்கள் சமையற்கட்டில் பாம்பு வந்துவிட்டது. அடுப்புக்கும் எனக்கும் நடுவில் படம் எடுத்து நிற்கிறது. நான் ஆட்டுக்கல் மேல் ஏறி நின்றுகொண்டு அலறுகிறேன். வீட்டில் வேறு யாருமில்லை. சத்தம் கேட்டு இவர் தடியோடு ஓடிவந்தார். ஓடிவந்தவர் நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"உள்ள வரலாமுங்களா அம்மிணி?"

எனக்குப் பயத்தில் பேச்சு வரவில்லை. அலறல்தான் வருகிறது. அவர் பாம்பைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், "ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மிணி, ஒரு வார்த்தை" என்று கெஞ்சுகிறார். பாம்பைவிட அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. "வந்து தொலைங்களேன்!" என்று கத்தினேன். அடுத்த நிமிஷம் வேலை முடிந்துவிட்டது. பாம்பைத் தடியில் தூக்கிக்கொண்டு வெளியே போனவர், "தப்பா நெனச்சுக்காதீங்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் சொல்லி முடிக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும். நான் மயங்கி விழுந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது.

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை அவரை மாங்காய் லோடோடு கோயமுத்தூருக்கு அனுப்பினார். எல்லையில் செக்போஸ்ட். கேட் தூக்கியே இருந்தது, ஆள் யாருமில்லை. இப்படிக் கிடந்தால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார், கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். டிரைவர் கத்திப் பார்த்தார், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். வெயில் ஏறி, வைக்கோலுக்குள் மாங்காய் சூடேறி, சாப்பிடப் போயிருந்த ஆள் நிதானமாக ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். தனக்காக ஒரு லாரி காத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல, சாக்கையெல்லாம் குத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை. "எந்தா இது? பொய்க்கோ, பொய்க்கோ" என்று மலையாளத்தில் போகச் சொல்லிக் கையை வீசினார். இவர் கும்பிட்டுவிட்டு ஏறினார். சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி மாங்காய் அமுங்கிப் போயிருந்தது.

"தொறந்து கெடக்கற கேட்டுல நிக்கறதுக்கு ஒலகத்துலயே இவரு ஒருத்தருதான்" என்று என் வீட்டுக்காரர் குதித்தார். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. இந்த மாதிரி ஆளிடம் தோப்பை விட்டால் ஒரு பிஞ்சுகூட வெளியே போகாது என்று அவருக்கும் தெரியும்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. குவாதலூப் என்று ஒரு தீவு, பிரெஞ்சுக்காரனுடையது. அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று டச்சுக்காரர் இவரிடம் சொல்லியிருந்தார். கரும்பு வெட்டுவதற்காக அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனவர்களுடைய பேரன் பேத்திகள். பேசுவதெல்லாம் பிரெஞ்சு. ஆனால் மாரியாத்தாளுக்கும் மதுரை வீரனுக்கும் கிடா வெட்டுவார்களாம். படகு அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிகாரி திங்கட்கிழமைதான் வருவார். மஞ்சள் கொடி ஏற்றியாகிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் கரையிலிருந்து தப்பு மேளச் சத்தம் வந்தது.

"நம்மூரு நோம்பியில அடிக்கற அதே அடிங் அம்மிணி. கண்ண மூடிட்டுக் கேட்டா நம்ம மாரியாத்தா கோயில்தானுங். பொழுதெறங்கற வரைக்கும் அடிச்சாங்க."

"போயிருக்கலாமில்லீங்ணா?"

"டச்சுக்காரரே சொன்னாருங். யாரும் பாக்கல, நா எதுவும் சொல்ல மாட்டே, தோணிய எடுத்துட்டுப் போய்ட்டு வான்னாரு."

"அப்பறம்?"

"கரையில இருந்து யாரும் கூப்புடலீங்களே."

மறுநாள் உத்தரவு கிடைத்து இறங்கிப் போனபோது கல்லில் ரத்தம் காய்ந்திருந்தது, மாலைகள் வாடியிருந்தன, கூட்டம் கலைந்துபோயிருந்தது. ஒரு வயதான அம்மா மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தாள். இவர் தமிழில் பேசினார், அவளுக்குப் புரியவில்லை. அவள் இவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், இவருக்குப் புரியவில்லை. இதைச் சொல்லிவிட்டுச் சொம்பைக் கழுவி வைத்துவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது, நாலு வார்த்தை திட்டவேண்டும் போலவும் இருந்தது.

திட்டவும் செய்தேன், வேறொரு நாள். அவர் வழக்கம்போல எதிர்வீட்டுப் படலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் ரோட்டைத் தாண்டிப் போய், "ஏனுங்ணா, உங்க ஊட்டுக்குள்ள போறதுக்கு உங்களுக்கு என்னங் தடை? படலத் தள்ளுனா தொறக்குது" என்றேன்.

அவர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். "வந்த அன்னிக்கு இங்கதான் வந்து நின்னனுங். மொறத்தோட வெளிய வந்தா. என்னயப் பாத்தா. ஒண்ணுஞ் சொல்லாம உள்ள போயிட்டா. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போயிருப்பனுங்."

"உங்க ஊடுங்ணா அது."

"என்ற ஊடா இல்லியான்னு நாஞ் சொல்ல முடியாதுங் அம்மிணி. உள்ள இருக்கறவதான் சொல்லோணும்."

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் வாசலுக்கு ஒருவர் வந்தால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் "வாங்க" என்று சொல்லியாகவேண்டும். வீட்டுப் பெரியவர் சொல்லிவிட்டார் என்று மற்றவர்கள் சும்மா இருக்க முடியாது. அடுப்படியில் இருக்கிற மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு வாங்க சொல்லிவிட்டுப் போகவேண்டும். அவள் சொல்லவில்லையென்றால் வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய், ஊரெல்லாம் சொல்லுவார். அதனாலேயே பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஆகையால் அவர் நிற்பதில் கடல் பாதி, எங்கள் ஊர்க் குணம் பாதி.

நான் அக்காவிடம் போனேன். அக்கா சும்மா லேசுப்பட்ட மனுஷி இல்லை. ஆள் போன பிறகு இருந்த காட்டைத் தானே உழவு ஓட்டி, எருமை வைத்து, பெண்ணைப் படிக்க வைத்தவள். ஊரில் யாரிடமும் வந்து கண்ணைக் கசக்கியதில்லை. எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தைதானுங்க்கா. வாங்கன்னு சொல்லிட்டீங்கன்னா எல்லாஞ் செரியாப் போயிரும்."

"நீ எவளாச்சும் கட்டுனவனப் பாத்து வாங்கன்னு சொல்லிக் கேட்டிருக்கறயா?" என்று அக்கா கேட்டாள். "உன்ற ஊட்டுக்காரரு தோப்புல இருந்து வந்தா நீ வாங்கன்னா சொல்றே? நா வாங்கன்னு சொன்னா அவரு ஒறம்பற ஆயிருவாரு. ஒறம்பறைக்கு எலை போடோணும், சோறு போடோணும், போய்ட்டு வர்றன்னா செரின்னு தாட்டி உடோணும். எனக்கு ஒறம்பற வேண்டா."

ஒறம்பறை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி. அக்கா தவிட்டுக் கையை உதறினாள்.

"அன்னிக்குப் போறப்ப என்னக் கேட்டாரா? கைப்புள்ளையோட நின்னனே, போகட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நா வேண்டாம்னு சொல்லியிருப்பே. போறப்பக் கேக்காதவருக்கு வர்றப்ப மட்டும் எதுக்கு என்ற வாய்ல இருந்து ஒரு வார்த்தை?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருந்தது. அதுதான் தொந்தரவு. நான் இங்கே சொன்னதை அங்கே சொல்லி, அங்கே சொன்னதை இங்கே சொல்லி, கொஞ்ச நாள் நடையாக நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுக்காரர், "உனக்கு வேற வேலையில்லியா?" என்றார். உண்மையில் அப்போது எனக்கு வேறு வேலை அதிகம் இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் அந்தப் பெண் பெரியவளானாள். சீர் வைத்தார்கள். வாசலில் பந்தல், ஒலிபெருக்கி, பந்திக்கு ஊரே வந்திருந்தது. நான் விடிந்ததிலிருந்து அங்கேதான் இருந்தேன். அவரும் விடிந்ததிலிருந்து அங்கேதான் இருந்தார், படலுக்கு வெளியே. வெள்ளை வேட்டி, துவைத்த சட்டை. பந்தலுக்குள் போகிறவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். சிலர் குனிந்துகொண்டு போனார்கள், சிலர் "என்னங் மாப்ள, இங்க நிக்கறீங்க" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார்கள். பெண் புதுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அப்பா நிற்பது தெரியும். அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வந்தார். அக்காவின் அண்ணன், கொஞ்சம் முன்கோபி. படல் அருகில் வந்ததும் மேளத்தை நிறுத்தச் சொன்னார்.

"வாங்க மச்சான் உள்ள. பெத்த புள்ள சீருக்கு வெளிய நிக்கறது நல்லாவா இருக்குது?"

"நீங்க போங் மச்சான். நா நிக்கறே."

மாமனுக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே வந்து தங்கை முன்னால் நின்றார். "ஊரே பாக்குது அம்மிணி. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலை."

"நாஞ் சொல்ல மாட்டே" என்றாள் அக்கா.

ஒலிபெருக்கிப் பையன் பாட்டைக் குறைத்துவிட்டான். இனி இந்த மனுஷன் இந்த வீட்டுக்குள் வரமாட்டார், இன்றோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அங்கே இருந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவர் குனிந்து செருப்பை எடுத்தார்.

அக்கா விறுவிறுவென்று படலுக்குப் போனாள். இடுப்பில் சேலையைச் செருகியிருந்தாள், கையில் சாதம் ஒட்டியிருந்தது.

"பந்திக்குத் தண்ணி பத்தல. தொட்டி காலியாக் கெடக்குது. எறைக்கறதுக்குச் சொல்லி வெச்ச ஆளு வரல" என்று கத்தினாள். "மரமாட்ட நின்னுட்டு என்னத்தப் பாக்கறீங்க? போயி எறைச்சு ரொப்புங்க."

யோசித்து வைத்துச் சொன்னாளா, பொறுமை போய்ச் சொன்னாளா, தெரியாது. நான் கேட்டதுமில்லை. அவர் செருப்பைக் கீழே போட்டார்.

"தொட்டி நெறைய எறைச்சு ரொப்பறே" என்றார்.

சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வது படகுப் பழக்கமாம். திருப்பிச் சொன்னால்தான் உத்தரவு காதில் விழுந்ததாக அர்த்தம். அவர் பந்தல் வழியாக வரவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு புறக்கடைப் பக்கமாகப் போய், கிணற்றில் ராட்டினக் கயிற்றைப் பிடித்தார். விருந்தாளிகள்தான் முன்வாசலில் வருவார்கள். தண்ணீர் எடுக்கிறவர்கள் பின்வாசலில் வருவார்கள். அன்றைக்குப் பந்தி முடியும்வரைக்கும் அந்தத் தொட்டியில் தண்ணீர் குறையவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனார், வந்தார், போனார். நிலைப்படியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பெண் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு நானும் அக்காவும் புறக்கடையில் உட்கார்ந்து மிச்சச் சாதத்தை அண்டாவிலிருந்து எடுத்து வேறு பாத்திரங்களில் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் கிணற்றுக் கயிற்றை வட்டமாகச் சுற்றி வைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வந்து நின்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"நாங் கெளம்பட்டுமா?" என்றார்.

அக்காவின் கை நின்றது. "என்ன கேட்டீங்க?"

"வேலை முடிஞ்சுது. கெளம்பட்டுமான்னு நாங் கேட்டே. எறங்கறதுக்கு ஒருக்கா உத்தரவு வாங்கோணும், பொறப்படறதுக்கு ஒருக்கா வாங்கோணும். அப்படித்தான் பழக்கம்."

"நாஞ் சொன்னாத்தான் போவீங்களா?"

"நீ சொன்னாத்தான்."

அக்கா தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். நான் அந்த வீட்டுக்கு எதிரே குடிவந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், கன்னத்தில் சாதம் ஒட்டியது.

"வேண்டா" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் புறக்கடைத் திண்ணையில் உட்கார்ந்தார். நான் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பேரிடமும் சொல்லிக்கொள்ளாமலே என் வீட்டுக்குக் கிளம்பினேன்.